யாளி பறக்கலாம், படை பறக்கக் கூடாது: மிகுபுனைவில் (ஃபேன்டசியில்) ஒரு படையெடுப்பை நம்பும்படி அமைக்க முழு வழிகாட்டி

யாளி நெருப்பைக் கக்கினால் வாசகர் முகம் சுளிப்பதில்லை. பத்தாயிரம் பேர் கொண்ட படை மூன்றே நாளில் முந்நூறு கிலோமீட்டர் கடந்து, கோட்டை வாசலில் களைப்பே இல்லாமல் நின்றால்தான் புத்தகத்தை மூடி வைக்கிறார். யாளியை யாரும் பார்த்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று எழுதுபவர் சொன்னால் சரி. நடை, பசி, வெயில், தாகம் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தில் ஏமாற்றினால், தெரியாத விஷயத்தில் சொல்வதையும் நம்ப மாட்டார்கள்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு படையெடுப்பை எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கம் முதல் முற்றுகை வரை கணக்குப் போட்டுக் காட்டுகிறது. நாவலுக்கும் வீடியோ கேமுக்கும் கணக்கு ஒன்றுதான். வெளியே காட்டும் விதம்தான் மாறும். ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: இதற்குச் சோறு எங்கிருந்து வருகிறது?

படி 1: வரைபடத்தில் முதலில் தண்ணீரை வரையுங்கள்

பெரும்பாலானவர்கள் கோட்டைகளையும் ஊர்களையும் வைத்துவிட்டு, இடைவெளியில் ஆறுகளை ஓடவிடுகிறார்கள். தலைகீழ். முதலில் மலை, அதன்பின் மழை, அதன்பின் ஆறு, கடைசியில்தான் ஊர்.

ஆறுகள் ஓடும்போது ஒன்றோடொன்று சேரும், பிரியாது. பிரிவது கடலை நெருங்கும் சமவெளியில்தான். திருச்சிக்கு மேற்கே வரை கிளைகளைச் சேர்த்துக்கொண்டே வரும் காவிரி, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, பிறகு டெல்டாவில் பல ஆறுகளாக விரிவதைப் பாருங்கள். ஓர் ஏரியிலிருந்து நான்கு திசைக்கும் நான்கு ஆறு ஓடும் வரைபடம் பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் மிகத் தாழ்வான ஒரே வாய் வழியாகத்தான் வெளியேறும்.

மழை தரும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். மலையின் அந்தப் பக்கம் காடு, மறுபக்கம் வறண்ட நிலம். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, கோவை, தேனிப் பக்கம் பெரும்பாலும் காற்றாக வந்து சேர்வது இதனால்தான்.

மலைத்தொடரில் ஓர் இடைவெளி வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலம் கொண்டது. மேற்குக் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே வணிகம் அதன் வழியாக நடந்தது, கோவை வட்டாரத்தில் ரோமானிய நாணயக் குவியல்கள் கிடைத்தன. உங்கள் உலகத்திலும் படையும் பணமும் அப்படியோர் இடத்தில்தான் குவியும். சண்டைக் காட்சிக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

படி 2: தலைகளை எண்ணுங்கள்

நமது எடுத்துக்காட்டுப் படை: 10,000 காலாட்கள், 1,500 குதிரைகள், 60 யானைகள். செல்ல வேண்டிய தூரம் 300 கிலோமீட்டர்.

இத்துடன் நிறுத்திவிடுவதுதான் பொதுவான தவறு. குதிரைக்குப் புல் அறுப்பவர், யானைக்குப் பாகனும் அவருக்கு உதவும் காவடியும், வண்டிக்காரர், கொல்லர், தச்சர், சமையல்காரர், மருத்துவர், பாசறையைப் பின்தொடரும் வியாபாரிகள், குடும்பங்கள் என்று இன்னொரு ஊரே கூட வரும். இவர்களின் எண்ணிக்கை போர் வீரர்களையும் மிஞ்சிய படைகள் வரலாற்றில் உண்டு. குறைத்தே வைத்து, குதிரை வீரர்களையும் சேர்த்து 5,000 என்று கொள்வோம். சாப்பிடும் வாய் 15,000.

குதிரை விஷயத்தில் கவனம் தேவை. உங்கள் உலகம் தென்னிந்தியாவைப் போல வெப்பமும் ஈரமும் நிறைந்தது என்றால், ஆயிரக்கணக்கில் குதிரை வளர்ப்பது எளிதல்ல. தமிழ் மன்னர்கள் அவற்றைக் கடல்வழியே இறக்குமதி செய்தார்கள். வாங்கிய குதிரைகளில் பெரும்பகுதி ஓராண்டுகூடத் தாங்குவதில்லை என்று 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆக, 1,500 குதிரை என்று எழுதியதுமே உங்கள் அரசனுக்கு ஒரு துறைமுகமும், குதிரை வணிகரிடம் பெரும் கடனும் வந்துவிடுகின்றன. அந்தத் துறைமுகத்தை எதிரி பிடித்தால் என்ன ஆகும் என்பது தனிக் கதை.

படி 3: ஒரு நாள் சாப்பாட்டுக் கணக்கு

ஆளுக்கு நாளொன்றுக்குத் தானியம் 1 கிலோ. நாள் முழுக்க நடப்பவருக்கு இது அதிகமில்லை. 15,000 பேருக்கு 15 டன்.

குதிரைக்குக் கொள்ளு போன்ற தானியம் 4 கிலோ, அதற்கு மேல் புல். 1,500 குதிரைக்கு 6 டன் தானியம். புல் வழியில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வெறும் புல்லை மட்டும் தின்று தினமும் ஆளைச் சுமக்கும் குதிரை சில வாரங்களில் எலும்பும் தோலுமாகிவிடும்.

யானைக்கு நாளைக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீவனம். 60 யானைக்கு 9 டன். இதை வண்டியில் கொண்டுபோக முடியாது. காட்டிலும் தோப்பிலும் வெட்டித்தான் ஆக வேண்டும். யானைப்படை போன வழியில் தென்னையும் வாழையும் மிஞ்சாது. அந்த ஊர் மக்கள் தம் அரசனை வாழ்த்துவார்களா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

தூக்கிச் செல்ல வேண்டிய தானியம் மட்டும் நாளைக்கு 21 டன். மோசமான சாலையில் இரட்டை மாட்டு வண்டி 500 கிலோ இழுக்கும் என்றால், ஒரு நாள் உணவுக்கு 42 வண்டிகள்.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. குடிக்க மட்டும் ஆளுக்கு 4 லிட்டர், குதிரைக்கு 35, யானைக்கு 150, வண்டி மாட்டுக்கு 40 (மாடுகள் எத்தனை என்பது படி 4இல் வரும்). கூட்டினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர். இதைக் கிணற்றில் இறைத்துத் தர முடியாது. ஒவ்வோர் இரவும் பாசறை ஆற்றங்கரையிலோ பெரிய ஏரிக்கரையிலோதான் இறங்க வேண்டும். அடுத்த ஏரி 25 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அன்று படை சாகிற வேகத்தில் நடக்கும், அல்லது நடக்காமலே இருக்கும்.

படி 4: படையின் நீளத்தை அளந்து பாருங்கள்

இங்கேதான் பலருடைய கதை உடைகிறது. பல நல்ல கதைகள் பிறப்பதும் இங்கேதான்.

மூட்டையில்லாத சிறு படை நாளைக்கு 25 கிலோமீட்டர் நடக்கலாம். மாட்டு வண்டியோடு போகும் பெரும்படைக்கு 15 கிலோமீட்டரே நல்ல வேகம். மாடு மணிக்கு 3 கிலோமீட்டர்தான் போகும். மேய்வதற்கும் அசைபோடுவதற்கும் நேரம் கொடுக்காவிட்டால் நான்காம் நாள் படுத்துவிடும். 300 கிலோமீட்டருக்கு 20 நாள் நடை. ஐந்து நாளுக்கு ஒரு நாள் ஓய்வு சேர்த்தால் 23 நாள்.

23 நாளுக்கு 21 டன் வீதம் 483 டன். அதாவது 966 வண்டிகள், 1,932 மாடுகள். ஒரு வண்டிக்கு இடைவெளியோடு 10 மீட்டர் என்றால் வண்டிகள் மட்டும் 9.7 கிலோமீட்டர் நீளம். நால்வர் நால்வராக நடக்கும் காலாட்கள் 5 கிலோமீட்டர். இரண்டிரண்டாகப் போகும் குதிரைகள் 3 கிலோமீட்டர். யானைகள் 600 மீட்டர். ஆக மொத்தம் 18 கிலோமீட்டருக்கும் மேல்.

ஒரு நாள் நடையோ 15 கிலோமீட்டர்! முன்னே போகும் தூசிப்படை மாலைப் பாசறையை அடைந்து அடுப்பு மூட்டும்போது, கடைசி வண்டி காலைப் பாசறையிலிருந்து இன்னும் கிளம்பவே இல்லை.

இந்த முட்டுக்கட்டையைத் தீர்க்க உங்கள் தளபதிக்கு உண்மையில் சில வழிகளே இருக்கின்றன. படையை மூன்றாகப் பிரித்து மூன்று சாலைகளில் அனுப்பலாம். அப்போது ஒரு பிரிவு தனியே மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வழியில் முன்கூட்டியே களஞ்சியங்களை நிரப்பி வைக்கலாம். அப்போது எதிரியின் ஒற்றர்கள் ஆறு மாதம் முன்பே திட்டத்தை அறிவார்கள். ஆற்றை ஒட்டிப் போகலாம். பத்து டன் ஏற்றும் ஒரு படகு இருபது வண்டிக்குச் சமம், ஆனால் படை எந்த வழியில் வரும் என்று எதிரிக்குச் சந்தேகமே இருக்காது. தானியத்தைத் தனியார் வணிகரிடம் ஒப்படைக்கலாம். முகலாயர் காலப் படைகளுக்குப் பெரும் மாட்டு மந்தைகளின் முதுகில் தானியம் ஏற்றிவந்து விற்றவர்கள் பஞ்சாரர்கள். அந்த வணிகர் இரண்டு பக்கத்துக்கும் விற்கலாம் என்பதை உங்கள் வில்லன் யோசித்திருப்பான். எஞ்சியது கொள்ளை. அதற்கு அறுவடை முடிந்திருக்க வேண்டும், படை ஒரே இடத்தில் நாள் கணக்கில் நிற்கக் கூடாது, திரும்பி வரும்போது அதே வழியில் வரக் கூடாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு பலவீனம் கூடவே வருகிறது. எதிரி தாக்க வேண்டிய இடம் அதுதான். கற்பனையாக ஒரு துரோகியைப் புகுத்துவதைவிட இது நூறு மடங்கு மேல்.

படி 5: பஞ்சாங்கம் ஒன்று தயாரியுங்கள்

கதை நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் எக்செல்லில் ஒரு வரி. தேதி, திதி, இடம், அன்று நடந்த தூரம், கையிருப்புத் தானியம், யாருக்கு எந்தச் செய்தி தெரியும் என்று ஆறு பத்திகள் போதும்.

மாதம் முக்கியம். தை, மாசியில் களத்தில் நெல் இருக்கும், பாதை காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் மண்ணில் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். மழைக்காலத்தில் படையெடுப்பவன் முட்டாளாக இருக்க வேண்டும், அல்லது வேறு வழியே இல்லாதவனாக இருக்க வேண்டும். எது என்பதைக் கதை சொல்லட்டும்.

நிலவில் எழுத்தாளர்கள் சறுக்குவது ஏராளம். மூன்றாம் பிறை சூரியன் மறைந்தபின் மேற்கே சற்று நேரம் தெரிந்துவிட்டு மறைந்துவிடும். நள்ளிரவில் தலைக்கு மேல் அது நிற்காது. பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போது கிழக்கே எழும். அதன்பின் ஒவ்வொரு நாளும் சுமார் இரண்டு நாழிகை தாமதம். இரவுத் தாக்குதலுக்கு வளர்பிறை அஷ்டமி மிகப் பொருத்தமானது: நள்ளிரவு வரை நடக்க வெளிச்சம், அதன்பின் மதிலேற இருட்டு. உங்கள் உலகத்துக்கு இரண்டு நிலா இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். சோம்பலாக இருந்தால் ஒரு நிலாவே போதும்.

செய்தியின் வேகமும் இதே தாளில் வரட்டும். ஒரே குதிரையில் போகும் தூதன் நாளைக்கு 50, 60 கிலோமீட்டர். வழியெங்கும் குதிரை மாற்றும் நிலையங்கள் இருந்தால் 200 கிலோமீட்டர் வரை போகலாம். மங்கோலியப் பேரரசு அப்படித்தான் இயங்கியது. நமது படை 23 நாள் நடக்கிறது, செய்தி இரண்டு நாளில் கோட்டையை அடைகிறது. எனவே ‘எதிர்பாராத தாக்குதல்’ என்று எழுதும் முன் மீதி 21 நாள் கோட்டைக்குள் என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

படி 6: முற்றுகையில் யார் முதலில் பட்டினி?

கோட்டைக்குள் 3,000 பேர். பங்கீட்டு அளவாக ஆளுக்கு 800 கிராம் அரிசி. நாளைக்கு 2.4 டன், ஆறு மாதத்துக்கு 432 டன். நெல்லாகச் சேமித்தால் சுமார் 665 டன். இதற்கு 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரத்தில் ஒரு களஞ்சியம் வேண்டும். கட்டக்கூடியதுதான். ஸ்ரீரங்கம் கோயிலின் வட்டக் களஞ்சியங்களைப் பார்த்தவர்களுக்கு அளவு புரியும்.

வெளியே நிற்பவனோ அதே ஆறு மாதத்தில் 3,800 டன் தின்கிறான். சுற்றியுள்ள ஊர்கள் முதல் மாதத்திலேயே காலி. ஒரே இடத்தில் 15,000 பேரும் ஆயிரக்கணக்கான விலங்குகளும் கழிக்கும் கழிவு குடிநீரில் கலந்ததும் வயிற்றுப்போக்கு தொடங்கும். பழங்காலப் படையெடுப்புகள் பலவற்றில் வாளைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது. ஆக, உள்ளே இருப்பவனைவிட வெளியே இருப்பவனுக்குத்தான் அவசரம். லஞ்சம், பேச்சுவார்த்தை, துணிந்த மதிலேற்றம் எல்லாம் அந்த அவசரத்திலிருந்து பிறக்கும்.

படி 7: சண்டை, சுருக்கமாக

ஒற்றைக் கை வாளின் எடை 1 முதல் 1.5 கிலோ. பத்து கிலோ வாள் சுவரில் மாட்டத்தான் ஆகும். முழு உடல் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ. உடலெங்கும் பரவியிருப்பதால் அணிந்தவர் ஓட முடியும், ஆனால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் மயங்குவார்.

2,000 வில்லாளிகள் நிமிடத்துக்கு ஆறு அம்பு எய்தால் பத்து நிமிடத்தில் 1,20,000 அம்பு. ஓர் அம்பு 60 கிராம் என்றால் 7 டன்னுக்கு மேல், 15 வண்டிச் சுமை. நாள் முழுக்க அம்பு மழை பொழியாது.

நேருக்கு நேர் மோதுபவர்களால் தொடர்ந்து சில நிமிடங்களே முழு வேகத்தில் போராட முடியும். வரிசைகள் முட்டும், விலகி மூச்சு வாங்கும், மறுபடி முட்டும். பெரிய உயிர்ச்சேதம் ஒரு பக்கம் முதுகைக் காட்டி ஓடும்போது நிகழ்கிறது. முறிந்த எலும்பு ஒட்டிக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரம். தலையில் அடித்து ஒருவனை மூன்று மணி நேரம் மயக்கத்தில் கிடத்தினால், எழுந்தபின் அவனால் துப்பறிய முடியாது. அது கடுமையான மூளைக் காயம்.

படி 8: இனி யாளியை இறக்குங்கள்

இவ்வளவு கணக்கும் யாளிக்கு இடம் செய்யத்தான். நான்கு டன் எடையுள்ள ஊனுண்ணி யாளி ஒன்று என்று வைப்போம். 180 கிலோ சிங்கத்துக்கு நாளைக்குச் சராசரி 6 கிலோ இறைச்சி. யாளி அதைவிட 22 மடங்கு கனம். ஆனால் உடல் பெருக்கும் வேகத்தில் தீனி பெருகாது, இந்த அளவில் பத்து மடங்குதான் கூடும். நாளைக்கு 60 கிலோ, அதாவது மூன்று ஆடு. ஆண்டுக்கு 1,100 ஆடு. மந்தை குறையாமல் இத்தனை ஆடு எடுக்க 3,000 ஆடுகளுக்கு மேல் வளர்க்க வேண்டும். ஒரு யாளிக்கே இப்படி. ஐம்பது யாளி வைத்திருக்கும் அரசன் முதலில் இடையர்களின் அரசனாக இருக்க வேண்டும். அந்த இடையர் குலத்துக்கு அரசவையில் என்ன செல்வாக்கு இருக்கும் என்று யோசியுங்கள்.

அது பறக்குமா? புதைபடிவமாகக் கிடைத்த பறக்கும் விலங்குகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான கெட்சல்கோட்லஸ், 10 மீட்டர் இறக்கை விரிப்போடு 200, 250 கிலோ எடையே இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நான்கு டன் உடல் சதையின் பலத்தால் எழும்பாது. மந்திரத்தால் எழும்புகிறது என்று சொல்லிவிடுங்கள், தவறில்லை. ஆனால் சொன்னபின் அந்த மந்திரம் மற்ற இடங்களில் ஏன் இல்லை என்பதற்கு விடை வேண்டும். யாளியைத் தூக்கும் மந்திரம் நெல் மூட்டையையும் தூக்குமென்றால், மேலே போட்ட 966 வண்டிக் கணக்கு குப்பைக்குப் போய்விடும்.

எந்த மந்திரத்துக்கும் விலை, எல்லை, பக்க விளைவு மூன்றையும் எழுதி வையுங்கள். கூடவே இன்னொன்று: நூறாண்டாக இருக்கும் மந்திரத்தை வணிகன் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க மாட்டான். நொடியில் செய்தி அனுப்பும் மந்திரம் இருந்தால் எல்லாத் துறைமுகத்திலும் மிளகு ஒரே விலையில் விற்கும். பறக்கும் எதிரி இருந்தால் கோட்டைக்கு மதில் மட்டும் போதாது, களஞ்சியத்துக்குக் கல்கூரை வேண்டும். இவை இல்லாத உலகத்தில் மந்திரம் நேற்றுத்தான் வந்திருக்க வேண்டும்.

இடையில் ஒரு சிறு எச்சரிக்கை. உலகம் சோழர் காலச் சாயலில் இருந்தால் சமையலறையைச் சோதியுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, முந்திரி, கொய்யா, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் வந்தவை. தளபதி காரக் குழம்பு சாப்பிடட்டும். காரம் மிளகிலிருந்து வரட்டும்.

படி 9: கேம் செய்பவர்களுக்கு

நிஜ நிமிடம் ஒன்றுக்கு 20 கேம் நிமிடம் என்று வைத்தால் ஒரு பகலும் இரவும் 72 நிமிடத்தில் முடியும். படையின் 15 கிலோமீட்டருக்கான ஐந்து மணி நேர நடை 15 நிமிடமாகும்; அதற்குள் நொடிக்கு 4 மீட்டர் ஓடும் பாத்திரம் 3.6 கிலோமீட்டர் போகும். எனவே 15 கிலோமீட்டரை 3.6 ஆகச் சுருக்குங்கள், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. நீளம் நாலில் ஒன்று என்றால் பரப்பு பதினாறில் ஒன்று. 200 வீட்டு ஊருக்கு 12 வீடு. இந்த விகிதத்தை எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வைத்தால் கேம் ஆடுபவர் கேள்வி கேட்க மாட்டார். தலைநகரை மட்டும் பெரிதாக்கி, சுற்றி வயலே இல்லாமல் விட்டால் கேட்பார்.

பசியையும் தாகத்தையும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி மீட்டராக வைக்காதீர்கள். பத்தாம் நிமிடத்தில் அது வேலையாகிவிடும். ‘இன்னும் 9 நாள் தானியம்’ என்று படை முழுவதற்கும் ஓர் எண் போதும். அது குறையும்போது வீரர்கள் ஓடிப்போகட்டும், குதிரை வேகம் குறையட்டும். எண்ணைவிட விளைவுதான் உறைக்கும்.

‘இன்றிரவு ஊர் எரியும், ஓடி வா’ என்று கெஞ்சும் கிழவர் பத்து நாள் கழித்தும் அதே இடத்தில் அதையே சொன்னால் உலகம் செத்துவிடும். உண்மையான கெடு வையுங்கள், அல்லது வசனத்திலிருந்து ‘இன்றிரவு’ என்பதை எடுத்துவிடுங்கள். பொற்காசுப் பெட்டியும் இப்படித்தான்: 40, 30, 25 சென்டிமீட்டர் அளவுள்ள சிறு பெட்டி நிறையப் பொற்காசு இருந்தால் எடை 350 கிலோவை ஒட்டி வரும். கதாநாயகன் தோளில் போட்டுக்கொண்டு கூரை தாவ முடியாது. காசைக் குறையுங்கள், அல்லது நாலு பேரையும் ஒரு கழியையும் கொடுங்கள்.

ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா?

முழுதும் கிழிக்க வேண்டாம். படி 5இல் சொன்ன தாளை எழுதி முடித்த அத்தியாயங்களிலிருந்து நிரப்புங்கள். இடிக்கும் வரிகளைச் சிவப்பாக்குங்கள். பெரும்பாலானவை ஓர் எண்ணை மாற்றினாலே சரியாகிவிடும்: பத்தாயிரத்தை இரண்டாயிரமாக்குவது, மூன்று நாளை மூன்று வாரமாக்குவது. எண்ணை மாற்றினால் கதையே கெடும் இடங்கள் சில இருக்கும். அங்கே யாராவது ஒரு பாத்திரம் அந்த முரணைக் கவனிக்கட்டும். ‘இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தார்கள்?’ என்று கோட்டைக் காவலன் கேட்டு, மூன்று அத்தியாயம் கழித்து ஆற்றங்கரையில் மறைத்து வைத்த காலி நெல் மூட்டைகள் கிடைத்தால், பிழை துப்பாகிவிடும்.

கணக்கை வாசகருக்கு முழுதும் காட்டாதீர்கள். 483 டன் என்ற எண் தாளிலேயே இருக்கட்டும். பக்கத்தில் வர வேண்டியது, கடைசி வண்டிக்காரன் இருட்டியபின் பாசறைக்கு வந்து சேர்ந்து, சோறு தீர்ந்துவிட்டதைப் பார்த்துச் சமையல்காரனோடு போடும் சண்டை.